முதன்முறையாகத் தூரிகை பிடித்தார்களாம்

எங்கள் வட சென்னைப் பாலத்தின் தூண்களில் படம் வரைந்ததைக் காட்டுகிற அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பினார்கள். "மாஸ்டர், நம்ம பாலம் மாஸ்டர்!" என்று கூடவே பூவும் இதயமும் வேறு. பார்த்தேன். டிரோனில் எடுத்த காட்சிகள் அருமை. தூண்கள் பளிச்சென்று இருக்கின்றன, மறுக்கவில்லை. அன்றைக்கே எழுதியிருந்தால் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கும். அதனால் இரண்டு நாள் ஆறப்போட்டு நிதானமாக எழுதுகிறேன்.

ஒன்றரையாவது நிமிடத்தில் அந்தக் குரல் சொல்கிறது: வட சென்னைக் குழந்தைகள் முதன்முறையாகத் தூரிகை பிடித்தார்கள்.

முதன்முறையாக.

அந்தக் காட்சியில் மஞ்சள் சட்டையில் நிற்கிற பெண் மூன்று வருடமாக என்னிடம் வருகிறவள். ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள். அவள் கையில் ரோலரைக் கொடுத்து, யாரோ ஏற்கெனவே கோடு போட்டு வைத்த மீனுக்குள் நீலம் அடிக்கச் சொல்லி, அதைப் படம் பிடித்து, முதன்முறையாம். "நீ வரைவேன்னு ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "அவங்க கேக்கவே இல்லையே மாஸ்டர்" என்றாள்.

கேட்கவே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

இந்த வேலைக்கு ஓவியர்கள் தேவை என்று அறிவிப்பு எங்கே வந்தது? எந்த நாளிதழில், எந்த மண்டல அலுவலக வாசலில், எந்தப் பலகையில்? விண்ணப்பம் எங்கே கிடைத்தது? கடைசித் தேதி என்ன? மாதிரிப் படங்களைப் பார்த்துத் தேர்வு செய்தது யார்? இதை நான் இரண்டு வரியில் கேட்டதற்கே உள்பெட்டியில் ஒரு தம்பி வந்துவிட்டார். "அண்ணே, முறைப்படி டெண்டர் விட்டுத்தான் கொடுத்திருப்பாங்க. ஆன்லைன்ல இருக்கும், தேடிப் பாருங்க."

தம்பி, டெண்டர் எனக்குத் தெரியும். ஒருமுறை கேட்கவும் போயிருக்கிறேன்.

ஆறு வருடம் இருக்கும். ஒரு பொதுக் கட்டடத்தின் சுற்றுச்சுவர், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஐந்து பேர் சேர்ந்து போனோம். மூன்று வருட டர்ன் ஓவர் கணக்கு கேட்டார்கள். முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. எண் கேட்டார்கள். இதேபோன்ற வேலையை முடித்ததற்குப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் ஐந்து பேரில் ஒருவர் முப்பது வருடமாகக் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய மருந்துக்கடை போர்டு எதைப் பார்த்தாலும் அவர் கைதான். அவருக்குப் பொறியாளர் சான்றிதழ் யார் தருவது, மருந்துக்கடை அண்ணாச்சியா? உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். "இது பெயின்டிங் வேலைல வருது சார், சிவில்" என்றார். அவர்கள் கணக்கில் வெள்ளையடிப்பதும் படம் வரைவதும் ஒரே தலைப்பு.

மூன்று வாரம் கழித்து அதே சுவருக்காக எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர், வேலையை எடுத்தவரிடமிருந்து எடுத்தவரிடமிருந்து எடுத்தவர். சதுர அடிக்கு முப்பது ரூபாய். பெயின்ட் அவர்களுடையது, சாரம் நம்முடையது. "உங்களுக்கு எவ்வளவு சார் வருது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அது உங்களுக்கு எதுக்கு மாஸ்டர்?"

போய் வரைந்தேன். ஆமாம், வரைந்தேன். ஜூன் மாதம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். சுவருக்குப் பட்டி பார்க்கவில்லை, பிரைமர் பேருக்கு ஒரு கோட்டு. அந்த வருட மழைக்கே பாளம் பாளமாக உரிந்தது. கடைசித் தவணை இன்றுவரை வரவில்லை. அந்த வழியாகப் போகும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

டெண்டர் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1998-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம். கம்பி வாங்கவும் மழைநீர் வடிகால் கட்டவும் அது கட்டாயம் வேண்டும். தகுதி இருப்பவர்களில் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குக் கொடு என்பது அங்கே நியாயம். படத்தில் குறைந்த விலையை என்னவென்று பார்ப்பீர்கள்? சதுர அடிக்கு முப்பது என்றால் முகத்துக்குக் கண் வைக்கலாம், இமை வைக்க நேரம் இருக்காது.

அதனால்தான் அந்தத் தூண்களில் இருப்பதெல்லாம் இருக்கிறது. குத்துச்சண்டைக் கையுறை. கேரம் போர்டு. மீன். ஆட்டோ. மறுபடியும் மீன். கேரமும் குத்துச்சண்டையும் எங்கள் பெருமைதான், யார் இல்லையென்றது? ஆனால் வட சென்னை என்றதும் சினிமாவில் பார்த்த நான்கு பொருளை எடுத்து எங்கள் தலைக்கு மேலேயே வரைந்து வைப்பானேன்? கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். 1856-ல் ஆற்காட்டுப் பக்கம் முதல் ரயிலை அனுப்பிய ராயபுரம் நிலையம் இருக்கிறது. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து ஆரம்பித்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது, நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். 1939-ல் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு இறந்த நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்தில்தான் கிடக்கிறார்கள். சரி, நாங்களும் மீனையே வரைந்திருப்போம் என்று வையுங்கள். எங்கள் மீன் வஞ்சிரமா சங்கராவா என்றாவது தெரிந்திருக்கும். அந்தத் தூணில் இருப்பது என்ன மீன் என்று காசிமேட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடட்டும், இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

1959 என்ற வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில்தான் மெரினாவில் உழைப்பாளர் சிலையைத் திறந்தார்கள். செய்தவர் நம் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த ராய் சௌத்ரி. கல்லூரிக் காவலாளியையே மாதிரியாக நிறுத்திச் செய்தார் என்று அங்கே படித்த எல்லாருக்கும் தெரியும். கேட்டைத் திறந்துவிடுகிற ஆள் ஊருக்கே சின்னமானார். அதே 1959-ல் நம் மாநிலத்தில், பொது இடத்தின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. அதே 1959-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம், கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு என்று விதி செய்தது. சியாட்டில் 1973-ல் அதேபோல் செய்தது. ஃபிலடெல்ஃபியாவில் 1984-ல் இன்னொன்றும் செய்தார்கள். சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த பையன்களைப் பிடித்து உள்ளே போடாமல், கூப்பிட்டுச் சுவரைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் சுவரோவியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஓவியருக்குத் தனியாகச் சம்பளமும் உண்டு. ஓவியர் விண்ணப்பிக்கிறார், குழு பார்க்கிறது, தேர்வானவர் பெயரில் பணம் வருகிறது. நடுவில் எடுத்தவரிடமிருந்து எடுத்தவர் இல்லை.

"அமெரிக்காவை இங்க ஏன் இழுக்கறீங்க?" என்பீர்கள். டிரோனும் டிசைனும் அங்கிருந்து வரலாம், விண்ணப்பப் படிவம் மட்டும் வரக்கூடாதா?

"முதலில் சாக்கடையைச் சரிசெய்யட்டும், அப்புறம் சித்திரம் பார்க்கலாம்" என்பவர்களுக்கு. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீரில் நின்றவன்தான் நானும். எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்தபோது வலையெல்லாம் கறுத்துப் போனதைப் பார்த்தவன். கொடுங்கையூர்க் குப்பைக் காற்றை மூக்கில் வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஊரை விட்டுத் தூக்கிக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பின் சுவர்களில் வண்ணம் பூசிவிட்டு அழகு அழகு என்று சொல்வதைப் பார்த்து எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று. சித்திரத்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, செலவும் ஆகிவிட்டது. அந்தப் பணம் வடிகாலுக்குப் போகப் போவதில்லை. யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி. சாக்கடை பேச்சை எடுத்து என் கேள்வியை அமுக்காதீர்கள்.

"உங்களுக்குக் கிடைக்கலைன்னு பொறாமை." ஆமாம். பொறாமைதான். அடுத்தது?

ஒரு யோசனையும் சொல்கிறேன், குறை மட்டும் சொல்கிறான் என்று பேசுவார்கள். மாநகராட்சியில் 200 வார்டுகள். வருடத்துக்கு வார்டுக்கு ஒரு சுவர். அந்தந்த மண்டல அலுவலகத்தில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தமிழில் ஒரு விண்ணப்பம். டர்ன் ஓவர் வேண்டாம், ஐந்து படங்கள் போதும். தேர்வு செய்கிற இடத்தில் ஒரு ஓவியர், ஒரு பள்ளி ஆசிரியர், அந்தத் தெருக்காரர் ஒருவர். வரைவதற்கு முன்பே பாதிப் பணம். சுவருக்குப் பட்டி பார்ப்பது மாநகராட்சியின் பொறுப்பு. இதை வைத்து ராக்கெட் விடப்போவதில்லை.

என் மாமா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவரிடம்தான் நான் எழுத்துப் படித்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஆறுக்கு எட்டுக் கடை, எனாமல் வாசனை, டர்பன்டைன் டப்பா. "எழுத்துக்கு வயிறு இருக்கணும்டா, பட்டினி கிடக்கிற மாதிரி எழுதாதே" என்பார். 'அ' எழுத மட்டும் எனக்கு இரண்டு மாதம் ஆனது. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. முதல் வருடம் சிரித்தார், இரண்டாம் வருடம் சண்டை போட்டார், மூன்றாம் வருடம் கடையை ஒரு செல்போன் ரீசார்ஜ் பையனுக்கு விட்டுவிட்டார். அந்தப் பையன் கேட்டதால் அவனுக்கு ஒரு போர்டு எழுதினார், அதுதான் கடைசி. எந்த போர்டு எழுதினாலும் கீழே வலது மூலையில் எறும்பு அளவில் தன் பெயரைப் போடுவார். காசு தராதவன் போர்டில் மட்டும் போட மாட்டார், அவனுக்கு அது தண்டனையாம்!

நான் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? எங்கள் பக்கத்தில் தூரிகை இருந்தது. தலைமுறையாக இருந்தது. சுவர் விளம்பரம், கட் அவுட், கோயில் தேர், பள்ளி ஆண்டு விழாத் திரை, மீன்பிடிப் படகின் பெயர், எல்லாம் யார் எழுதினது? படகுக்குப் பெயர் எழுதுகிறவருக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாதா?

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையாம், அதனால் பயிலரங்கம் நடத்தினார்களாம், அரை நாள். தொப்பி, ஜூஸ் பாக்கெட், சான்றிதழ். ஓவியம், இசை, தையல் எல்லாம் நடத்த அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தார்கள், நினைவிருக்கிறதா? மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருடம் போராடி 2024-ல் அது 12,500 ஆனது. அத்தனை வருடமும் மே மாதம் சம்பளம் இல்லை, ஓவிய ஆசிரியர் வயிறு மே மாதம் மூடிக்கொள்ளும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அவர்களில் இரண்டு பேர் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் சாயங்காலம் பைக் டாக்ஸி ஓட்டுகிறார். அவரை அந்தப் பாலத்துக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு போன். தூரம்கூட இல்லை, அவர் தினமும் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் சவாரிக்குக் காத்திருக்கிறார்.

என்னுடைய வகுப்புக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. முடிந்தவர்கள் மாதம் நூறு ரூபாய் தருவார்கள், முடியாதவர்கள் அண்ணன் தங்கையையும் சேர்த்து அழைத்து வருவார்கள். யாரிடமும் நான் உதவி கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். பொய். கேட்டிருக்கிறேன். மனு எழுதி எழுதி என் கையெழுத்து அழகானதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தத் தூண்களை வரைந்தவர்களில் ஒருவன் என் பழைய மாணவன். வீடியோவில் அவன் இல்லை. போக்குவரத்து குறைந்த பிறகு இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை நான்கு வரை, ஒரு ராத்திரிக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கூலி. அவர்கள் பட்டியலில் அவன் பெயின்டர் ஹெல்பர். கடைசித் தூணை முடித்த இரவு, மீனின் செதிலுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்குத் தன் இனிஷியலைப் போட்டிருக்கிறான். காலையில் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு அதன்மேல் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அவனையே அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

நேற்று வீட்டுக்கு வந்திருந்தான். நான் கத்திக்கொண்டிருந்தேன், அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். "விடுங்க மாஸ்டர். அது மேல ஒரு கோட்டுதான் அடிச்சேன். வெயில் பட்டா ரெண்டு வருஷத்துல தானா மேல வரும்" என்றான்.

சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல மூன்று மணிக்கு. கார்ட்ரிட்ஜ் தாள் தீர்ந்துவிட்டது, பிள்ளைகளிடம் பழைய காலண்டர் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும்.