பன்னிரண்டு முதல் மூன்று வரை

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊர், பெயருக்குத்தான் கேரளம். வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளும் ஓயாத மழை இங்கே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியாக, கோவைச் சமவெளியின் காய்ந்த காற்று மாசி, பங்குனியில் நேராக எங்கள்மீது வந்து விழும். பனையையும் தென்னையையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில், "நமக்கு வெயில் என்ன புதுசா?" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். அந்தப் பேச்சு இனிமேல் ஆபத்தானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை என்றே அறிவித்தது. அந்த அறிவிப்புக்கான தொடக்க அளவு சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37, மலைப்பகுதிக்கு 30 என்று இடத்துக்கு இடம் மாறுவதற்குக் காரணம் உண்டு. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும்; கடலோர ஈரக் காற்றில் அது எளிதில் உலராது. பழகிய வீடும் பழகிய நேரமும் கைவிடும்போது குளிர்நாட்டு மனிதர்களும் வெயிலில் சாகிறார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குளிரைத் தடுக்கக் கட்டிய வீடுகள் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டன. ஓட்டு வீட்டை இடித்துத் தார்சு போட்ட எங்கள் வீட்டிலும் இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. இரவிலும் ஆறாத உடம்புதான் மறுநாள் காலை வேலைக்குப் போகிறது.

சென்ற சித்திரையில், தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் ஒரு கட்டட வேலையில் இருந்த என் சித்தப்பா மகனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். மணி இரண்டு இருக்கும். மேல்தளத்தில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவன் நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேஸ்திரி ஏசினார். சித்தாள் அக்கா ஒருவர்தான், "குடியில்லைங்க மேஸ்திரி, உடம்பைத் தொட்டுப் பாருங்க, கொதிக்குது" என்று கத்திக்கொண்டே, புதுத் தூணில் சுற்றியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்து அவன்மேல் போர்த்தினார். நிழலுக்கு இழுத்து வந்து, பீப்பாய்த் தண்ணீரை ஊற்றி, சிமெண்ட் பையால் விசிறினோம். பேச்சுக் குழறுவதும் நிதானம் தப்புவதும் வெப்பத் தாக்குதலின் முதல் அடையாளங்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் மருத்துவமனையில்தான் சொன்னார்கள். அவன் பிழைத்தான். அன்றைய அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பகல் 12.30 முதல் 3 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருப்பதை அங்கே உழைத்துத் திரும்பிய எங்கள் ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். பத்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளியிருந்த அந்த வேலைத்தளத்தில் அப்படியொரு பேச்சே இல்லை. இந்தப் பக்கத்திலும், கல்லுக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அவ்வளவும் அவர் நட்டம். கழிப்பறை இல்லாத இடத்தில், தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் பெண்கள் மண் சுமக்கிறார்கள். மோரும் தெளுவும் (பதநீர்) குடிக்கச் சொல்லும் நம் அறிவுரைகள் அவர்களுக்கு எப்படி உதவும்?

வெப்ப அலையைத் தமிழ்நாடு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கும்போதே அந்த மூன்று மணி நேரத்தைக் கூலியோடு கொடுக்க வேண்டும். வேலை காலை ஆறுக்குத் தொடங்கட்டும், நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். இரண்டு மாநிலங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், ஏனெனில் காலையில் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் எங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.