மூக்கு கழுவும் தண்ணீரை விளாவாதீர்கள்

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது சைனஸ் தொல்லைக்கு நல்ல வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கெட்டிப்பட்ட சளி, தூசி, போகிப் புகையின் கரி எல்லாவற்றையும் அலசி வெளியே தள்ளிவிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பதைக் கழுவாது.

என் கவலையெல்லாம் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். புதுச்சேரியில் யோகா வகுப்புக்குப் போகிறவர்களுக்கு, மூக்குச் சொம்பால் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவும் ஜலநேத்தி புதிதல்ல. சொம்பை எப்படிச் சாய்ப்பது, தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். தண்ணீர் என்று வந்தால் மட்டும் "வெதுவெதுப்பா எடுத்துக்குங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வோம்? குளிக்க விளாவுகிற மாதிரியே, கொதித்த தண்ணீரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி விளாவுவோம். கொதிக்க வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

கேரளத்தில் 2024, 2025-இல் 'மூளையைத் தின்னும் அமீபா' பற்றி வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதில் முக்கியமான நெக்லேரியா என்ற அமீபா, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேல்பகுதிக்குப் போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை நேத்திச் சொம்பில் ஊற்றிக் கழுவிய இரண்டு பேர் இறந்தார்கள். மிக மிக அரிது என்பது உண்மைதான். ஆனால் வந்தால் பிழைப்பது கடினம், தடுப்பதோ அடுப்பில் சில நிமிட வேலை. இதில் சோம்பல்படவே கூடாது.

கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் குடிப்பதற்குத்தான் சரி. கிருமியே இல்லாத தண்ணீர் என்று அவற்றைச் சொல்ல முடியாது. அதையும் கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்கட்டும். மூடி போட்டு அப்படியே ஆறவிடுங்கள். அவசரமென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருள்ள அகலத் தட்டில் வையுங்கள், உள்ளே ஒரு சொட்டும் சேரக் கூடாது. மிச்சத்தை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கொதிக்க வைத்தாலும் போர் தண்ணீரைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் பல போர்களில் உப்பு ஏறியிருக்கிறது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) 2000 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது. அதன்மேல் நீங்கள் அளந்து போடும் அளவு தப்பாகிவிடும்.

வேண்டிய அளவு 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். மூக்கு கழுவ அழுத்திப் பீய்ச்சும் 240 மில்லி பாட்டிலுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். வீட்டில் தராசு இல்லாவிட்டால் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும். நல்ல பொடி உப்பை அதில் 7.5 மில்லிக் கோடு வரை தட்டிச் சமமாக்கினால் கிட்டத்தட்ட 9 கிராம், ஒரு லிட்டருக்கான அளவு. கால் ஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும் (பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள்). மரக்காணம் கல்லுப்பு சமையலுக்கு அருமை, இதற்கு வேண்டாம். கரைத்து வைத்துப் பாருங்கள், அடியில் மண் தங்கும். கல் கல்லாக இருப்பதால் ஸ்பூன் அளவும் சரியாக வராது. கடைப் பாக்கெட் உப்பு பெரும்பாலும் அயோடின் சேர்த்தது, சிலருக்கு மூக்கு உறுத்தும். மருந்துக் கடையில் இதற்கென்றே விற்கும் உப்புப் பொட்டலம்தான் என் தேர்வு.

கழுவும்போது வாஷ்பேசின் மேல் குனியுங்கள். அண்ணாந்தால் தண்ணீர் தொண்டைக்குத்தான் போகும். பாட்டில் என்றால் நேராகக் குனிந்தால் போதும், சொம்பு என்றால் தலையைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். பாட்டிலை மெதுவாக அழுத்துங்கள், பேசவோ விழுங்கவோ வேண்டாம். பக்கத்துக்குப் பாதி பாட்டில். சுரீரென்று எரிந்தால் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கிறது, இல்லையென்றால் தண்ணீர் சில்லென்றிருக்கிறது. காது அடைத்தால் அழுத்தம் அதிகம். ஒரு துவாரம் அடியோடு அடைத்திருந்தால் தண்ணீரை அதில் திணிக்காதீர்கள்.

முடிந்ததும் குனிந்தபடியே இரண்டு துவாரத்தையும் திறந்து வைத்து மெதுவாகச் சிந்துங்கள். ஒன்றைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுப் பக்கம் ஏறும். படுக்கப் போகும் நேரத்தில் கழுவாதீர்கள். மீதித் தண்ணீர் சற்று நேரம் கழித்துக்கூட வடியும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரே இருந்தால் கழுவிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அடியுங்கள், முன்னால் அடித்தால் மருந்து கழுவிப் போய்விடும்.

பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசி அலசலைக் கொதித்து ஆறிய தண்ணீரில் முடியுங்கள். நம் கடற்கரைக் காற்றில் குளியலறைக்குள் எதுவும் காயாது. திறந்து, கவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றிவிடுங்கள்.

மூக்கிலோ காதிலோ சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், காதில் சீழ் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் காய்ச்சலோடு தலைவலி, ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கலந்த சளி, சர்க்கரை நோயாளிக்கு முகத்தில் வலியோ மரத்துப்போவதோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.