வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் வந்த இரவு

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடித்த அன்றிரவு கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னத்துறையில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வயர்லெஸ் செட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். படகுக்குப் படகு கைமாறியாவது சேதி வந்துவிடாதா என்று சித்தி, கடலுக்குப் போன தன் மகனுடைய போட்டின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இரைச்சல் மட்டுந்தான் வந்தது. தம்பி ஆறாம் நாள் லட்சத்தீவில் கரையேறினான். அக்கம்பக்கத்தில் பல வீடுகளுக்கு யாரும் திரும்பி வரவில்லை.

29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையே புயலாகிவிட்டது. ஆழ்கடல் போட்டுகளோ பல நாள் முன்பே போய்விட்டன. அவ்வளவு தூரத்துக்கு செல்போன் எட்டாது.

அரபிக்கடல் சூடாகிக்கொண்டே வருகிறது. 2001 முதல் 2019 வரை அங்கே புயல்கள் 52 சதவீதம் கூடியதாக ஆய்வு சொல்கிறது. மீனும் பழைய இடத்தில் இல்லை. கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்த சாளை (மத்தி மீன்), 2021இல் சுமார் 3,300 டன்தான். எல்லாப் பழியையும் சூட்டின் மேல் போட முடியாது, குஞ்சு மீனையும் சேர்த்து வாரியதும் உண்டு. ஆனால் கரையோரம் மீன் குறைந்தால் டீசலுக்குக் கடன் வாங்கியவன் என்ன செய்வான்? இன்னும் தள்ளித்தான் போவான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியா தீவுப் பக்கம் போய் பிரிட்டன் அதிகாரிகளிடம் பிடிபடுவது இப்படித்தான். 2010இலேயே அந்தக் கடலில் மீன்பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள்.

கடல் பாதுகாப்பு என்றதும் போர்க்கப்பலைத்தான் பேசுகிறோம். 2008இல் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன்பிறகு மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை வந்தது, சோதனைகள் கூடின. சரி, தேவைதான். ஆனால் நடுக்கடலில் சந்தேகப் படகைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனும் இதே மீனவன்தானே? அவனுக்குப் புயல் சேதி சேர்ப்பதும் அவனைத் தேடிப் போவதும் பாதுகாப்புச் செலவில் சேர வேண்டும். நிவாரணக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது.

இப்போது தம்பியின் போட்டில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் வழிக் கருவி இருக்கிறது. இரண்டு பக்கமும் சேதி போகும். அதை மாட்டிய அன்று சித்தப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது புயல் வருதுன்னு சொல்லுமா மக்ளே, இல்ல நம்மள நோட்டம் பாக்கதுக்கு மட்டுமா?"