லாரி யவுண்ட்ட பாத்து சிரிக்கிறத நிறுத்துங்க ப்ளீஸ்

பேஸ்பால்ல நடந்த விசித்திரம்னு யாராச்சும் பதிவு போட்டா லாரி யவுண்ட்ங்கிற பிட்சர் (பந்து போடுறவர்) பேரு கண்டிப்பா வந்துடும். மேஜர் லீக்ல (அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்) ஒரே மேட்ச், அதுலயும் ஒரு பேட்டருக்குக் கூட பந்து போடலன்னு ஒத்த வரி, கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. பாக்குறப்பல்லாம் எனக்கு அவ்ளோ கோவம் வருது.

1971 செப்டம்பர் 15, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல ஆஸ்ட்ரோஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் மேட்ச், எதிர் டீம்ல பெரிய பேட்டர் ஹேங்க் ஆரன் இருந்த காலம் அது. ஆஸ்ட்ரோஸ் டீம்ல இருந்த லாரிக்கு 21 வயசு. ரிலீஃப் பிட்சர் பொழப்பே கஷ்டம்ங்க, முதல்ல இருந்து போடுறவர் களைச்சுப் போனாலோ அடி வாங்கினாலோதான் இவர கூப்பிடுவாங்க, அது எப்பன்னு தெரியாது, புல்பென்ல (மாத்து பிட்சர்கள் காத்திருக்கிற இடம்) உக்காந்தே இருக்கணும், கூப்பிட்ட கொஞ்ச நேரத்துல கை ரெடியா இருக்கணும். லாரி ராணுவ ரிசர்வ் டியூட்டிய முடிச்சுட்டு அப்பதான் டீமுக்கு வந்திருந்தாரு. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ்ல கூப்டாங்க. புல்பென்ல வார்ம்அப் பண்றப்பவே முழங்கை வலி, சரியாயிடும்னு நெனச்சு மவுண்டுக்கு (பந்து போடுற மேட்டுக்கு) ஓடிட்டாரு, அங்க ரெண்டு மூணு பந்து போட்டுப் பாத்தா வலி இன்னும் அதிகமாயிடுச்சு, சொல்லிட்டு வெளிய வந்துட்டாரு, அவருக்கு பதிலா ஜிம் ரே வந்து போட்டாரு. ஆனா பிட்சரா இவர் பேர ஏற்கனவே அறிவிச்சாச்சு, அதனால மேட்ச் ஆடுன கணக்குல ஏறிடுச்சு. அப்புறம் மேஜர் லீக்ல ஒரு மேட்ச் கூட கிடைக்கல.

வலிய சொல்லாம பல்லக் கடிச்சுட்டு போட்டிருக்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். முழங்கை தசைநார் கிழிஞ்சா அத மாத்திக் கட்டுற ஆபரேஷன டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலா டாமி ஜான்ங்கிற பிட்சருக்குப் பண்ணதே 1974லதான். 71ல முழங்கை போச்சுன்னா போச்சு, அவ்ளோதான். கனவு கண்ட இடத்துல நின்னுக்கிட்டு, அத்தன பேர் பாக்க, "முடியல"ன்னு சொல்ல 21 வயசுப் பையனுக்கு எவ்ளோ தெளிவு வேணும்! என்னைக் கேட்டா அவர் செஞ்சதுதான் சரி.

அடுத்து தம்பி கதைய இழுப்பாங்க. 74ல லாரி மில்வாக்கி புரூவர்ஸுக்கு மாறுறாரு, அதே வருஷம் அதே டீம்ல தம்பி ராபின் 18 வயசுல ஷார்ட்ஸ்டாப்பா (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) இறங்குறாரு. தம்பி 20 சீசன், 3142 ஹிட், 1999ல ஹால் ஆஃப் ஃபேம் (ஜாம்பவான்களுக்குத் தர்ற கௌரவம்). அண்ணன் மைனர் லீக்லயே (மேஜருக்குக் கீழ இருக்கிற லீக்) நின்னுட்டாரு. உடனே "பாவம் அண்ணன்"னு ஆரம்பிச்சுடுவாங்க, என்ன பாவம்? அதே அண்ணன்தான் பின்னாடி தம்பிக்கு ஏஜென்ட்டா இருந்து அவரோட கான்ட்ராக்ட் எல்லாம் பாத்துக்கிட்டாரு, அரிசோனால ரியல் எஸ்டேட்ல நல்லா வளர்ந்தாரு.

அதுவும் போக, 1968ல டிராஃப்ட்ல (டீம்கள் புது ஆட்டக்காரங்கள தேர்ந்தெடுக்கிறது) எடுத்ததுல இருந்து 75 வரைக்கும் மைனர் லீக்ல பந்து போட்ட மனுஷன் அவரு. பஸ்லயே ஊர் ஊரா அலைஞ்சு, கொஞ்ச சம்பளத்துக்கு ஆடுற வாழ்க்கை அது, மேல கூப்பிடுற அளவுக்கு வர்றதே பெரிய விஷயம், அங்க ஆடுற முக்கால்வாசிப் பேருக்கு அந்த அழைப்பே வராது. அடுத்த தடவ அவரப் பத்தி போஸ்ட் போடுறவங்க, அந்த ஒரு ராத்திரியோட நிறுத்தாம இந்த எட்டு வருஷத்தையும் சேர்த்து எழுதுங்க.