போத்தலுக்குள் இருப்பது காற்று

யுத்தம் முடிந்தபோது வன்னிக் காணிகளில் எங்கு பார்த்தாலும் பழைய இரும்பு கிடந்தது. சில வருடங்களில் அவ்வளவும் லொறி ஏறிப் போய்விட்டது. யாரும் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கவில்லை. கிலோவுக்குக் காசு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிளாஸ்ரிக்குக்கு ஏன் அது நடக்கவில்லை? சனத்துக்கு விழிப்புணர்வு போதாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். லொறி நிறையத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றினாலும் ஏறுவது பெரும்பாலும் காற்றுத்தான், டீசலுக்கே கட்டாது. அதனால் பழைய இரும்புக்காரர் வாளி, கதிரை, பரல் என்று கனமானதை எடுத்துக்கொண்டு போத்தலை விட்டுவிட்டுப் போகிறார். அவரில் என்ன பிழை?

மிஞ்சுவதைப் பின்னேரம் வளவு மூலையில் குவித்துக் கொளுத்துகிறோம். ஆகப் பெரிய கேடு இதுதான். குவியலுக்குள் பி.வி.சி. குழாய்த் துண்டோ வயர் உறையோ இருந்தால் புகையோடு டயொக்சினும் வரும், அது புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. சரி, கொளுத்தாமல் எறிந்தால்? மாரி மழை வாய்க்காலுக்குக் கொண்டுபோகும், பிறகு குளம், நந்திக்கடல் களப்பு. 2018 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு வேலிக் கம்பிகளில் என்ன தொங்கியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்தன. எங்களுடையதும் யானை வருகிற ஊர்கள்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 இல் தடிப்பு 20 மைக்ரோனுக்குக் குறைந்த மெல்லிய பொலித்தீனும் லஞ்ச் சீற்றும் தடை. 2021 இல் உணவும் மருந்தும் தவிர்ந்த சின்னச் சஷே பைக்கற்றுகள். 2023 இல் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு. (இடியப்பத் தட்டைத் தடை செய்தாயிற்று, இடியப்பத்தை இப்போதும் பொலித்தீனில் சுற்றித்தான் தருகிறார்கள்.)

மீள்சுழற்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் நான் சொல்லவில்லை. 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்ரிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மீள்சுழற்சிக்குப் போயிருக்கிறது. பிஸ்கட் பைக்கற் பலவற்றில் பிளாஸ்ரிக்கோடு அலுமினியமும் ஒட்டியிருக்கும், அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆனால் அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்ரிக் வகையைக் காட்டும் இலக்கம் 1, 2, 5 என்று இருப்பவை அப்படியல்ல. தண்ணீர்ப் போத்தல் நூலாகிறது, ஷாம்பு போத்தல் குழாயாகிறது. கழுவிக் காயவைத்துத் தனிச் சாக்கில் போட்டால் போதும். சோறும் கறியும் ஒட்டிய சாக்கை ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

மிச்சம் பிரதேச சபையின் வேலை. போத்தலை நசுக்கிக் கட்டாகக் கட்டும் இயந்திரம் ஒன்று மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். காற்றை வெளியேற்றினால் அதே லொறியில் பல மடங்கு போத்தல் ஏறும், இரும்புக்காரர் தானாக வாசலுக்கு வருவார். சில சபைகள் ஈரக் குப்பையையும் போத்தலையும் ஒரே உழவியந்திரப் பெட்டியில் கொட்டுகின்றன. அப்புறம் வீட்டில் பிரித்து வை என்று எந்த முகத்தோடு சொல்வது? தொடங்க இடம் தேடுவதென்றால் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இருக்கிறது, மடு மாதா திருவிழா இருக்கிறது. போத்தல் மலையாகச் சேரும் நாட்கள் அவை. கம்பி வலையில் நாலு கூடு அடித்து வைக்கப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.