சாம்பார் சாதத்துக்கு எதற்குச் சாதிச் சான்றிதழ்?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பொறுத்திருந்தேன். எல்லாரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். தைப்பூசத்தன்று எங்கள் தெருமுனையில் அண்டா வைத்து சாம்பார் சாதம் போட்டதைப் படம் பிடித்து, "வட சென்னையில சாம்பார் சாதமா, ஏரியா மானமே போச்சு" என்று ஒரு தம்பி போட்டிருந்தாரே, அதுதான். அதில் பச்சைப் புடவையில் கரண்டியோடு நிற்பது என் அம்மா.

கிண்டலோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். கீழே வந்த கருத்துகளைத்தான் விட முடியவில்லை. "இவங்க என்ன ஆளுங்க?" என்று ஒருவர். "ஐயராகப் பார்க்குறாங்க" என்று இன்னொருவர். "தயிர் சாதமெல்லாம் திருவொற்றியூர் வரைக்கும் வந்துடுச்சா" என்று ஒருவர், அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். என் மகள் விவரம் தெரியாமல் அதையெல்லாம் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீடியோ எடுத்த அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சைவச் சாப்பாடு எந்தச் சாதியின் சொத்தும் இல்லை. அது எங்களுடையதும்தான். மீன் வாசனை வீசும் தெருவில் மூன்று தலைமுறையாக மீன் சாப்பிடாமல் இருக்கும் எங்களுடையதும்தான். இதை யாரிடமும் போய் நாங்கள் கடன் வாங்கவில்லை.

என் தாத்தா கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கியவர். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போகும்வரை சென்னை முழுக்கத் தின்ற காய்கறி இந்த வட சென்னையில்தான் வந்து இறங்கியது. மயிலாப்பூரில் கொதித்த சாம்பாரின் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் எங்கள் ஆட்களின் தோளில் ஏறி இறங்கித்தான் போயின. தாத்தாவின் வலது தோளில் கை வைத்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும், அந்த இடத்தில் கிள்ளினால் வலிக்காது என்று சொல்லி எங்களைக் கிள்ளச் சொல்வார். சாயங்காலம் அவர் துண்டில் கட்டி வரும் கழிவுக் காயில்தான் வீட்டில் குழம்பு. பாதி அழுகிய பூசணி, நுனி உடைந்த முருங்கை, முளை விட்ட பிடிகருணை. ஆயா அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தில் ஏழு பேருக்குச் சமைப்பார். காய்கறி என்றால் ஏதோ மேட்டிமை என்று நினைக்கிறவர்கள் அந்தத் துண்டைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆயா கறி மீனை விட்டது வள்ளலாரால். இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வள்ளலார் என்றால் எல்லாருக்கும் வடலூர் ஞாபகம் வரும். ஆனால் மனிதர் வளர்ந்தது இங்கே. 1823-ல் சிதம்பரம் பக்கத்தில் மருதூரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பா போய்விட, குடும்பம் பொன்னேரி வந்து அப்புறம் சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்தார். பக்கத்து முருகன் கோயிலான கந்தகோட்டத்தில் பாடினார். 1858-ல் ஊரை விட்டுப் போகும்வரை திருவொற்றியூருக்கு நடந்தே வந்து போவார், எங்கள் வடிவுடையம்மன் மேல் ஒரு மாலையே பாடியிருக்கிறார். ஒரு நாள் ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்குப் போகிறார், கதவு தாழ் போட்டிருக்கிறது, எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிடுகிறார், அம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டுவிட்டுப் போனாள் என்று ஒரு கதை. எங்கள் ஆயா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் குழம்பு மாறும். ஒரு நாள் கத்திரிக்காய், ஒரு நாள் மொச்சைக் காரக்குழம்பு. அன்றைக்கு எங்கள் தட்டில் என்ன இருக்கிறதோ அது.

அந்தப் பசியைப் பார்த்த மனிதர்தான் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. யார் என்ன சாதி, என்ன சாப்பிடுகிறவன் என்று கேட்காமல் இலை போட்டார்கள். பசிக்கிறதா என்ற ஒன்றுதான் அங்கே கேள்வி. இங்கிலாந்தில் வெஜிடேரியன் சொசைட்டி தொடங்கியது 1847-ல், அதற்கு இருபது வருடம் கழித்துத்தான் இது, யார் முந்தி என்பது எனக்கு முக்கியம் இல்லை. உயிர்க் கொலை வேண்டாம் என்பதையும் பசித்தவனுக்குச் சோறு என்பதையும் ஒரே அடுப்பில் ஏற்றியவர் எங்கள் ஏரியாவில் நடமாடியவர். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, சாம்பார் சாதம் போட்டவர்களைப் பார்த்து "என்ன ஆளுங்க" என்று கேட்கிறீர்கள்.

உடனே சிலர் கிளம்பி வருவீர்கள், தெரியும். "சங்கத் தமிழன் கறி தின்றான், கள் குடித்தான்" என்று. ஆமாம், தின்றான். யார் இல்லை என்றார்கள்? தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலரே தின்றார். புறநானூற்றில் 14-ஆவது பாட்டு. சேர மன்னன் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்கிறான். உன்னைப் பாடுகிறவர்களுக்குக் கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால்தான் மென்மை என்கிறார் கபிலர். அந்தணர் கறி தின்று கை மென்மையாக இருந்திருக்கிறார், கறி தின்னாத என் தாத்தாவின் தோள் காய்த்துப் போயிருந்தது. அப்புறம் எப்படி இது அவர்கள் கொடுத்து நாங்கள் வாங்கிக்கொண்ட பழக்கம் ஆகும்?

தமிழ்நாட்டில் புலால் வேண்டாம் என்று உரக்கச் சொன்னவர்களில் முன்னால் நிற்பவர்கள் சமணர்கள். குறளில் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. அதில் 259-ஆவது குறள் என்ன சொல்கிறது? நெய் ஊற்றி ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமல் இருப்பது நல்லது என்கிறது. வேள்விக்கு எதிரில் வைத்துப் பேசிய விஷயம் இது. இதைத் தூக்கி ஐயர் வீட்டுக் கணக்கில் எழுதினால் நமக்குத்தானே நஷ்டம்? "அது துறவறத்தில் வருது, சம்சாரிக்கு இல்லை" என்று ஒரு தோழர் சொன்னார். சரி, துறவறத்தில்தான் வருகிறது. அதே துறவறவியலில் பொய் பேசாதே, திருடாதே என்றும் வருகிறது. அதையும் சம்சாரிக்கு இல்லை என்று விட்டுவிடலாமா?

சைவம் என்ற சொல்லே ஒரு மதத்தின் பெயர், சைவ வேளாளர் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து பொதுப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் சிவனுக்கே பன்றிக்கறி படைத்த கண்ணப்பரைத்தானே நாயனாராகக் கும்பிடுகிறோம்? இந்தப் பக்கம் வந்தால் சவுக்கார்பேட்டையில் சமணர் கடைகளில் பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போடுகிறார்கள், மண்ணுக்குள் விளைவது ஆகாது என்று. எங்கள் வீட்டிலோ கிழங்கு இல்லாவிட்டால் சமையலே இல்லை. சைவத்துக்குள்ளேயே இத்தனை வீடு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தயிர் சாதத்தில் போட்டுப் பிசையாதீர்கள்.

"அப்போ மீன் சாப்பிடுற நாங்க பாவிகளா?" இதையும் கேட்டார்கள். இல்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. 2014-ல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100-க்கு 97 பேருக்கு மேல் அசைவம் என்றுதான் வந்தது. எங்களைப் போன்றவர்கள் மிச்சத்தில் ஒரு துளி. நாங்கள் யாரை மிரட்டப் போகிறோம்? எங்கள் பக்கத்து வீட்டு அத்தை காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எனக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் அடுப்பும் எங்கள் அடுப்பும் ஒரு சுவர் தள்ளி. இரண்டு வீட்டு மிளகாய்த்தூளும் ஒரே மில்லில், ஒரே வரிசையில் நின்று அரைத்தது.

அம்மா வாழைக்காய் வறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தோலை மேலாகச் சீவி, சாய்த்து வைத்து நீளநீளமாக, வஞ்சிரத் துண்டு கனத்துக்கு வெட்டுவார். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டும் சோம்பும் தட்டியது, கொஞ்சம் புளித்தண்ணீர். குழைத்துப் பூசி அரைமணி ஊறவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, ஓரம் கருகும்வரை தொடாமல் விடுவார். கிளறினால் மசாலா கல்லோடு போய்விடும். அந்த வாசனை சுவர் தாண்டிப் போனதும் அத்தை, "இன்னாடி, உங்க வூட்லயும் மீனா?" என்று குரல் கொடுப்பார், வந்து நாலு துண்டு எடுத்துப் போவார். பதிலுக்குப் பொங்கல் என்றால் புதுப் பானை வாங்கி, அதில் எங்களுக்குத் தனியாகப் பொங்கித் தருவார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நாற்பது வருடமாகச் செய்கிறார்.

அப்படி இருக்கும்போது சைவம் என்றால் தீட்டு, சைவம் என்றால் ஒதுக்கல் என்று எங்களிடம் வந்து சொல்லாதீர்கள். ஒதுக்கலுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவே மாட்டேன், ஏனென்றால் அதில் அடி வாங்கியவள் நான். வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று நகரத்தின் மறுகோடியில் வாடகைக்கு வீடு தேடினேன். வாசலிலேயே போர்டு, சைவம் மட்டும் என்று. எனக்கென்ன, நாங்கள் சைவம்தானே என்று உள்ளே போனேன். வீட்டுக்கார அம்மா எல்லாம் நன்றாகப் பேசினார், காபி கொடுத்தார். சொந்த ஊர் எது என்றார். திருவொற்றியூர் என்றேன். முகம் மாறியது. "எத்தனை வருஷமா சைவம்? பரம்பரையாவா, இல்ல நடுவுலயா?" என்று கேட்டார். ஆயா காலத்திலிருந்து என்றேன். "உங்க ஆயாவுக்கு முன்னாடி?" என்றார். நான் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கீழே பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன், இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அந்த அம்மாவுக்கும் நேற்றுக் கருத்துப் போட்டவர்களுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் "நீ எப்படிச் சைவமாக இருக்க முடியும்" என்றார். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். என் தட்டைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கிறவர் அவர். அதே தட்டைப் பார்த்து நீங்களும் அதையே தேடுகிறீர்கள். நடுவில் என் ஆயா ஒரு பாட்டைக் கேட்டு, கண் கலங்கி, இனி ஓர் உயிரை வெட்டிச் சமைக்க மாட்டேன் என்று ஒரு நாள் முடிவெடுத்தாரே, அந்த முடிவு எங்கே போயிற்று? அவர் அதைச் சொந்தமாக யோசித்திருக்க முடியாதா? மூட்டை தூக்குகிறவன் பெண்டாட்டிக்கு ஜீவகாருண்யம் வராதா?

வடலூரில் வள்ளலார் வழிபாட்டுக்குக் கட்டிய சபையில் கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்தான் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறதே, அது ஒதுக்கல் இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். சபைக்குள் போகத்தான் அந்த விதி, தருமசாலையில் சோறு எல்லாருக்கும். யாரும் விட்டுவிட்டு உள்ளே போகலாம், பிறப்பைக் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

புரதம், பலம் பற்றியெல்லாம் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. என் தாத்தா தூக்கிய மூட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு வாருங்கள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அந்தத் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. இன்று காலையில்கூட அது அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மாதப் பூசத்துக்கு வரவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மா முந்தாநாள் சொல்லியிருந்தார். நேற்று ராத்திரி அத்தை வந்து உட்கார்ந்து, "நீ வராட்டி உப்பு யாரு பார்ப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.