உயிரியல் மனப்பாடப் பாடம் இல்லை

ஞாயித்துக்கிழமை மண்டபத்துல நீட் கோச்சிங் சென்டர்க்காரங்க நடத்துன கூட்டத்தைப் பத்தி எழுதவே கூடாதுன்னு மூணு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வீடியோவை நீங்க எல்லாரும் பாத்துட்டிய. எனக்கே பதினோரு பேர் அனுப்பிட்டிய. அதனால முதல்ல இருந்து சொல்லப்போறதில்ல. அங்க பேசுன கோச்சிங் சார் பெத்தவங்ககிட்ட சொன்னது இதுதான்: "பயாலஜியில புரிஞ்சுக்க ஒண்ணுமே கிடையாது, வரிக்கு வரி மனப்பாடம் பண்ணுங்க, ஸ்டேட் போர்டு புக்கை எடைக்குப் போட்டுட்டு வாங்க." அந்தப் பேச்சு கூட பரவாயில்ல. அதுக்குப் பெத்தவங்க எல்லாரும் கைதட்டுனாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

திங்கக்கிழமை சாயந்திரம் எங்க வீட்டுக்கு ரிவிஷனுக்கு வர்ற பிள்ளை ஒருத்தி வெறுங்கையோட வந்து நின்னா. "புக்கு எங்க தாயி?"ன்னு கேட்டேன். "ஆக்கர் கடையில, பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன் டீச்சர். அந்த சார்தான் சொன்னாவல்லா." ரெண்டு வருஷம் பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு எழுதி வச்சிருந்த புத்தகம். அவ அம்மா பீடி சுத்தி அதுக்கு அட்டை வாங்கிப் போட்டுக் கொடுத்தது. எனக்கு அப்ப ஒரு வார்த்தை வரல.

உயிரியல் மனப்பாடப் பாடம் இல்லை. 27 வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துல விலங்கியல் நடத்தினவ சொல்லுதேன்.

ஒரு சமயம் பிளஸ் டூ பிள்ளேளுக்கு இதயம் நடத்திக்கிட்டு இருந்தேன். மூவிதழ் வால்வு வலது பக்கம், ஈரிதழ் வால்வு இடது பக்கம்னு ஒப்பிக்காத பிள்ளை கிடையாது. மறுநாள் கேட்டா பாதிப் பேர் மாத்திச் சொல்லுவாவ. அடுத்த வாரம் கறிக்கடை அண்ணாச்சிகிட்ட சொல்லிவச்சு ஆட்டு இதயம் ரெண்டு வாங்கிக்கிட்டுப் போனேன். மேசை மேல வாழை இலையை விரிச்சு, பிளேடால நெடுக்க வகுந்து, "விரலை விட்டுப் பாருங்க"ன்னேன். இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை, சுவர் தடிமனா இருக்கறதை ஒரு பையன் தொட்டுப் பார்த்துட்டு, "டீச்சர், இது உடம்பு பூரா ரத்தத்தைத் தள்ளணும், வலது அறை பக்கத்துல இருக்க நுரையீரலுக்குத்தான தள்ளுது, அதான் இது தடியா இருக்கு"ன்னான். நான் சொல்லிக் கொடுக்கல. அவன் விரல் சொல்லிக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி ரத்தம், நிமிஷத்துக்கு 72 துடிப்பு, பெருக்குனா 5040 மில்லி, அதாவது சுமார் 5 லிட்டர்ங்கறது அந்த வகுப்புல ஒருத்தனுக்கும் மறக்கல. ஒரு துடிப்பு 0.8 விநாடிங்கறதை அவங்க நாடியைப் பிடிச்சு அவங்களே கணக்குப் போட்டாவ.

இதையா "புரிஞ்சுக்க ஒண்ணுமில்ல"ங்கறது?

"நீங்க பழைய ஆளு டீச்சர், நீட்ல என்சிஇஆர்டி, அதான் சென்ட்ரல் போர்டு புக்கு, வரி அப்படியே வருது"ன்னு சொல்லுவிய. வருது. இல்லைங்கலையே. என்சிஇஆர்டி படிக்காதன்னு நான் எங்க சொன்னேன்? 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைச்சப்ப, செரிமானம் போச்சு, கனிம ஊட்டம் போச்சுன்னு பட்டியல் எழுதிப் பிள்ளேளுக்குக் கொடுத்தவளே நான்தான். ஆனா அதே தேர்வுல கூற்று–காரணம் கேக்கான். ரெண்டு கூற்றும் சரி, ஆனா இது அதுக்குக் காரணமான்னு கேக்கான். பொருத்துகன்னு நாலு வரிசையைக் கலைச்சுப் போட்டுக் கொடுக்கான். வரியை மட்டும் உருப்போட்டவ அங்க முழிப்பா. தப்பா அடிச்சா 1 மார்க் போகும். மொத்தம் 720ல உயிரியலுக்கு மட்டும் 360. 90 கேள்வி. இந்தச் சரிபாதியைத்தான் நீங்க கிளிப்பாடம்ங்கிய.

இளநீரைச் சொல்லுதேன். செல் சுவர் இல்லாம ஆயிரக்கணக்கான உட்கரு மிதக்கற கருவூண் திசுதான், கருவுக்குச் சாப்பாடு தர்ற திசுதான் அந்தத் தண்ணி. செல்செல்லாப் பிரிஞ்சதுதான் வெள்ளைப் பருப்பு. என்சிஇஆர்டியில இருக்கற விஷயம்தான் இது. வீட்டு முத்தத்துல தென்னை நிக்கற பிள்ளைக்கு அந்த வரியை மட்டும் திங்கச் சொல்லுதிய. பப்பாளியில ஆண் மரம் வேற, பெண் மரம் வேறங்கறது இன்னொரு வரி. பனையேறி மகனுக்கு அதைச் சொல்லித்தரணுமா? ஆண்பனையில நுங்கு காய்க்காதுன்னு அவன் நடக்கப் பழகுனப்பவே தெரிஞ்சுக்கிட்டவன். அவன்கிட்ட "உங்க பனையும் டயீசியஸ்தான்லே, ஆண் வேற பெண் வேற, அதனாலதான் மகரந்தச் சேர்க்கை தன் பூவாலயும் முடியாது, அதே மரத்து இன்னொரு பூவாலயும் முடியாது, ஆமணக்குலயும் மக்காச்சோளத்துலயும் ஒரே செடியில ரெண்டு பூவும் இருக்கறதால ரெண்டாவது நடக்கும்"னு சொன்னா ஒரு தடவை போதும். செத்தாலும் மறக்கமாட்டான்.

போன வருஷம் ஒரு பிள்ளை பல்லுயிர்ச் செறிவு மிகு இடங்கள்னு கடகடன்னு ஒப்பிச்சா. மேற்குத் தொடர்ச்சி மலை – இலங்கை, இந்தோ–பர்மா, இமயமலை. "மேற்குத் தொடர்ச்சி மலை எங்க இருக்கு?"ன்னு கேட்டேன். "கேரளால டீச்சர்"ன்னா. அவளுக்குப் பின்னால ஜன்னல்ல பாபநாசத்து மலை நிக்கு. 1988லயே புலிகள் காப்பகம் ஆன களக்காடு–முண்டந்துறைக் காட்டு அடிவாரத்துல பிறந்து வளந்தவ. அவளைத் திட்டல. அவகிட்ட யாரும் கையை நீட்டிக் காட்டல, அவ்வளவுதான்.

"தமிழ்ல படிச்சு என்னத்துக்கு, இங்கிலீஷ் வார்த்தைதானே வேணும்"னு இன்னொரு ஆள் போன் போட்டுக் கேட்டாரு. அதுல நியாயம் இருக்கு. 2018ல நீட் தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புத் தப்புன்னு வழக்குப் போய், ஐகோர்ட் மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லி, அதை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுனதை மறந்திருக்கமாட்டிய. சந்தேகம் வந்தா இங்கிலீஷ் கேள்விதான் செல்லும்னு விதியே இருக்கு. அதனாலதான் செல் பிரியறதுல ஒரு வகையை குன்றல் பகுப்புன்னு எழுதி, பக்கத்துலயே மியாசிஸ்னு எழுதவைக்கேன். முதல்ல தமிழ்ல மண்டையில ஏறணும், அப்புறம் பேரை மாட்டிக்கலாம். பேரை மாட்ட ஆணியே இல்லாத சுவத்துல எதைத் தொங்கவிட?

நீட்டே வேணுமான்னு கேக்கறவங்களுக்கு: அது வேற சண்டை. அதை நடத்துங்க, நானும் வாறேன். மே மாசம் பரீட்சை எழுதப்போற பிள்ளை அதுவரைக்கும் காத்திருக்க முடியாது.

ஒருத்தர் எழுதியிருந்தாரு, "வாத்தியார்மாருக்கு வயித்தெரிச்சல், நீங்க ஒழுங்கா நடத்தியிருந்தா நாங்க ஏன் லட்சம் கட்டி அங்க போகணும்"னு. இதைப் படிச்சுட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. சில பள்ளிக்கூடத்துல விலங்கியலுக்கு வருஷம் பூரா ஆளே இல்லாம இருந்தது எனக்கும் தெரியும். அதுக்கு நீங்க எங்களைக் கேளுங்க, அரசாங்கத்தைக் கேளுங்க. ஆனா காதுல கிடந்த கம்மலை அடகு வச்சு, நீட்டை மறுபடி எழுதற ரிப்பீட்டர் வகுப்புக்குப் பணம் கட்டுன தாய்கிட்ட, "உம் மக இதுவரைக்கும் படிச்சது குப்பை"ன்னு மைக்கைப் பிடிச்சுச் சொல்லாதிய. அந்தப் பிள்ளை அதை நம்பிருச்சு. வெறும் புத்தகத்தை மட்டும் அவ கடையில போடல. என் பள்ளிக்கூடத்துல, என் மொழியில படிச்சது ஒண்ணுக்கும் உதவாதுன்னு மனசுல எழுதிக்கிட்டா. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு பெருமை பேசுற ஊர்க்காரங்கதானே நாம? எப்படி உக்காந்து கைதட்டுனிய?

நேத்து நானே அந்த ஆக்கர் கடைக்குப் போனேன். அவ புத்தகம் முந்தின நாளே லாரியில ஏறிப் போயிருச்சுன்னாவ. அந்தக் குவியல்ல பிளஸ் டூ விலங்கியல் மட்டும் ஆறு கிடந்துச்சு. எல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வந்ததாம். ஆறையும் எடைக்கே வாங்கிட்டு வந்துட்டேன். ஒண்ணை அவளுக்குக் கொடுத்தாச்சு. மிச்சம் அஞ்சு எங்க வீட்டுல இருக்கு. ஒண்ணுல மரபியல் பாடம் பூரா பச்சை மையில அடிக்கோடு போட்டிருக்கு. யாருதுன்னு தெரிஞ்சா வந்து வாங்கிக்கிடுங்க, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வீட்டுலதான் இருப்பேன்.